இணையத்தில் சக மாணவரைச் சீண்டும் பிள்ளைகள்: பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளியொன்றில் பதினாறு ஆண்டுகளாகத் தமிழாசிரியையாக இருக்கிறேன். கடந்த சில ஆண்டுகளாக மாணவர் ஆலோசனைப் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்து போகும்வரை காத்திருந்து, ஒருவர் இருவராக மெல்ல வந்து கேட்ட கேள்விகள் இவை. பாதிக்கப்படும் பிள்ளையைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். துன்புறுத்துகிற பிள்ளையைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறேன். அது ஏன் அப்படிச் செய்கிறது என்று புரியாமல் அதை நிறுத்த முடியாது.

நண்பர்களுக்குள் கேலி இருக்கத்தானே செய்யும்? எந்த இடத்தில் அது துன்புறுத்தல் ஆகிறது?

கேலி இருக்கும், இருக்கவும் வேண்டும். கேலியே இல்லாத வகுப்பறையில் எனக்குப் பாடம் நடத்தப் பிடிக்காது.

இந்தத் துறையில் முன்னோடியான நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வியஸ் மூன்று அடையாளங்களைச் சொன்னார். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவரிடம் செய்வது. மூன்றும் சேர்ந்தால் அது கேலியன்று. செல்போன் வந்தபின் இரண்டாவதும் மூன்றாவதும் சற்று உருமாறிவிட்டன. ஒரு பையன் ஒரே ஒருமுறை ஒரு படத்தைப் போட்டாலும் மற்றவர்கள் அதைப் பகிர்ந்துகொண்டே இருந்தால், அந்தப் பிள்ளைக்கு அது நூறுமுறை நடந்ததாகவே ஆகிறது. பலம் என்பதும் உடற்பலம் அன்று. யாரிடம் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறதோ அவர்தான் பலசாலி.

நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது. கேலி மாறி மாறி நடக்கிறதா? இன்று அவன் இவளைக் கிண்டல் செய்தால் நாளை இவள் அவனைச் செய்ய முடிகிறதா? எப்போதும் ஒருவரே சிரிப்புக்குப் பொருளாக இருந்தால் அங்கே நட்பு முடிந்துவிட்டது.

இது உண்மையிலேயே அவ்வளவு பரவலாக இருக்கிறதா, நாம்தான் பயப்படுகிறோமா?

உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 44 நாடுகளிலும் பகுதிகளிலும் 11, 13, 15 வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வின் முடிவை 2024இல் வெளியிட்டது. ஏறத்தாழ ஆறில் ஒரு பிள்ளை இணையத்தில் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்னது. என்னை உலுக்கியது அடுத்த எண்தான். எட்டில் ஒரு பிள்ளை, தானே மற்றவரை அப்படித் துன்புறுத்தியதாக ஒப்புக்கொண்டது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் அது ஐந்து பிள்ளைகள். அவை ஐரோப்பாவை ஒட்டிய எண்கள்தான். ஆனாலும் நம் வகுப்பறைகளைப் பார்க்கும்போது எனக்கு அவை அந்நியமாகத் தோன்றவில்லை.

வீட்டில் பெரியவர்களிடம் மரியாதையாக நடக்கிற பிள்ளை, போனில் எப்படி இவ்வளவு கொடூரமாக நடந்துகொள்கிறது?

இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சுற்றுலா முடிந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் ஒரு மாணவி தூங்கிவிட்டாள். வாய் சற்றுத் திறந்திருந்தது, கன்னத்தில் ஜன்னல் கம்பியின் தடம். ஒரு பையன் அதைப் படமெடுத்தான். அன்றிரவே அது வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஸ்டிக்கராக வந்தது. பிறகு எதற்கெடுத்தாலும் அந்த ஸ்டிக்கர்தான். கணக்கு வீட்டுப்பாடம் என்ன என்று ஒருவன் கேட்டால் அதற்கும் அதுதான் பதில், ஒருத்திக்குப் பிறந்தநாள் என்றால் வாழ்த்தோடும் அதுதான். ஐந்தாம் நாளிலிருந்து அந்த மாணவி வயிற்றுவலி என்று பள்ளிக்கு வரவில்லை.

படமெடுத்தவன் முரடனல்லன். நோட்டுப் புத்தகங்களை ஆசிரியர் அறைக்குச் சுமந்து வருகிற, குரல் உயர்த்தாத பையன். உட்காரவைத்துக் கேட்டேன். “எத்தனை பேர் சிரித்தார்கள் என்று எண்ணிக்கொண்டே இருந்தேன் டீச்சர். இருபத்தேழு பேர்” என்றான். அவள் பார்த்திருப்பாளே, அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாயா என்றேன். “அவள் ஒன்றும் சொல்லவில்லையே” என்றான்.

அந்த இரண்டு பதில்களுக்குள் பெரும்பாலான காரணங்கள் அடங்கிவிடுகின்றன. முதலாவது, அவன் அவளை நோக்கி எதையும் செய்யவில்லை. இருபத்தேழு பேரை நோக்கிச் செய்தான். அவள் வெறும் கருவி. இரண்டாவது, அவள் முகம் அவனுக்குத் தெரியவில்லை. நேரில் ஒருத்தியை அழவைத்தால் உதடு துடிப்பதைப் பார்த்ததும் பாதிப் பிள்ளைகள் நிறுத்திவிடுவார்கள். திரையில் உதடு தெரியாது. அமைதி மட்டுமே தெரியும், அந்த அமைதியைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எளிது. ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004இல் இணையத்தில் மனிதரின் கட்டுப்பாடு தளர்வது பற்றி எழுதியபோது இதைத்தான் சொன்னார். முகம் தெரியாதது, பதில் உடனே வராதது, அதட்ட ஒரு பெரியவர் அருகில் இல்லாதது ஆகிய எல்லாம் சேர்ந்து, நேரில் செய்யத் துணியாததைச் செய்யவைக்கின்றன.

வயதுக் கோளாறு என்று விட்டுவிடலாமா?

வயதுக்குப் பங்கு உண்டு, விட்டுவிடத்தான் கூடாது.

அமெரிக்காவில் கார்ட்னர், ஸ்டீன்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் 2005இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு அது. மஞ்சள் விளக்கு எரிந்தபின் இன்னும் கொஞ்சம் ஓட்டலாமா, நிறுத்திவிடலாமா என்று முடிவெடுக்கவேண்டும். தனியாக ஆடியபோது பதின்ம வயதினர் பெரியவர்களைப் போலவே ஏறக்குறைய நடந்துகொண்டார்கள். நண்பர்கள் பக்கத்தில் நின்றபோது அவர்களுடைய துணிச்சல் மிகவும் கூடியது. பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

செல்போனில் நண்பர்கள் எப்போதும் பக்கத்தில் நிற்கிறார்கள். இரவு பதினொரு மணிக்குப் போர்வைக்குள் இருந்தாலும் நாற்பது பேர் நிற்கிறார்கள். பதிநான்கு வயதுப் பிள்ளையின் மூளை பாராட்டுக்கு ஏங்கும் வேகத்தில் பின்விளைவை எடைபோடக் கற்றுக்கொள்வதில்லை. அதனால் அதற்கு வெளியிலிருந்து ஒரு கடிவாளம் தேவைப்படுகிறது.

ஆய்வுகள் எதை முக்கியக் காரணமாகச் சொல்கின்றன?

ராபின் கோவால்ஸ்கியும் அவருடன் பணியாற்றியவர்களும் அதுவரை வெளிவந்த 131 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இணையத்தில் பிறரைத் துன்புறுத்துவதோடு மிக வலுவாகத் தொடர்புடையவையாக இரண்டைக் கண்டார்கள். ஒன்று, “இப்படி நடந்துகொள்வதில் தவறில்லை, எல்லாரும் இப்படித்தான்” என்ற நம்பிக்கை. மற்றது, மனசாட்சியைத் தற்காலிகமாக ஒதுக்கிவைக்கும் பழக்கம்.

இரண்டாவதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா விரிவாக விளக்கியிருக்கிறார். தவறு என்று தெரிந்ததையே செய்ய, மனம் தனக்குத்தானே சில சமாதானங்களைத் தயாரித்துக்கொள்கிறது. அவருடைய நூல்களைப் படிக்காமலே அந்தச் சமாதானங்களை எல்லாம் என் அறையில் கேட்டிருக்கிறேன். “சும்மா விளையாட்டுக்குத்தான்” என்பது செயலின் பெயரையே மாற்றிவிடுவது. “நான் உருவாக்கவில்லை, ஃபார்வர்டு மட்டும்தான் செய்தேன்” என்பது பொறுப்பைத் தள்ளிவிடுவது. “குழுவில் எல்லாரும்தான் போட்டார்கள்” என்றால் குற்றம் நாற்பதாகப் பிரிந்து ஒவ்வொருவர் பங்கும் தூசியாகிவிடுகிறது. “அவளே போட்ட படம்தானே” என்றால் பழி பாதிக்கப்பட்டவள்மேல் போகிறது. “அடித்தேனா, திட்டினேனா?” என்று கேட்டால், அதைவிட மோசமானதோடு ஒப்பிட்டு இதைச் சிறிதாக்குகிறார்கள். நான் அதிகம் பயப்படுவது ஒருவரைப் பட்டப்பெயரால் மட்டுமே அழைப்பதற்கு. ஒரு பிள்ளையின் பெயர் குழுவில் மறைந்து பட்டப்பெயர் மட்டும் நிலைத்துவிட்டால், அதற்கு வலிக்கும் என்பதும் சேர்ந்து மறைந்துவிடுகிறது.

இந்தச் சமாதானங்களைப் பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடிப்பதில்லை. நம்மிடம்தான் கற்கிறார்கள். “விளையாட்டுக்குச் சொன்னதற்கா கோபித்துக்கொள்கிறாய்?” என்று நாம் எத்தனைமுறை சொல்லியிருக்கிறோம்?

போலிக் கணக்கு, பெயர் தெரியாது என்ற துணிச்சல், இவைதானே மூலகாரணம்?

பாதி உண்மை. மாணவர்களின் இரகசியங்களை அநாமதேயமாக வெளியிடும் இன்ஸ்டாகிராம் பக்கங்களில் வருகிற கொடுமை, பெயர் போட்டு எழுதவேண்டும் என்றால் பெரும்பகுதி நின்றுவிடும். ஆனால் என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவை வகுப்புக் குழுவில், சொந்த எண்ணிலிருந்து, சொந்தப் பெயரில் நடந்தவை. பாராட்டு வேண்டுமென்றால் செய்தவர் யார் என்று தெரிந்தாகவேண்டுமே.

துன்புறுத்தப்பட்ட பிள்ளையே பிறகு துன்புறுத்துமா?

ஆம். ஆய்வுகள் உறுதியாகச் சொல்பவற்றில் இதுவும் ஒன்று. நேரில் சக மாணவரை அடக்கி ஆள்பவர்களே இணையத்திலும் அப்படிச் செய்வது பொதுவானது. அதற்கு அடுத்தபடியாக, நேரில் எதிர்க்க வழியில்லாத பிள்ளை இணையத்தில் பழிதீர்த்துக்கொள்கிறது.

திக்கித் திக்கிப் பேசும் ஒரு பையனை இரண்டு ஆண்டுகள் வகுப்பே நடித்துக்காட்டிச் சிரித்தது. மூன்றாம் ஆண்டு, ஆசிரியைகளையும் மாணவிகளையும் இழிவாக எழுதிய ஒரு பக்கத்தை நடத்தியது அவன்தான் என்று தெரியவந்தது. தட்டச்சு செய்யும்போது திக்காது என்று என்னிடம் சொன்னான். அவன் செய்தது தவறு, அதில் எனக்கு ஐயமில்லை. அந்த இரண்டு ஆண்டுகளில் நாங்கள் எங்கே இருந்தோம் என்ற கேள்வியும் இன்றுவரை என்னை விடவில்லை.

வளர்ப்பில் தவறா? பெற்றோரைக் குறைசொல்கிறீர்களா?

குறைசொல்லவில்லை. வீட்டுக்குப் பங்கில்லை என்றும் சொல்லமாட்டேன்.

அடிக்கிற வீட்டில் வளரும் பிள்ளை, பலம் உள்ளவர் பலமற்றவரை என்னவும் செய்யலாம் என்று கற்கிறது. எதையும் கேட்காத வீட்டில் வளரும் பிள்ளைக்குத் தடுக்க ஆளில்லை. இவை இரண்டும் எல்லாருக்கும் தெரியும். மூன்றாவதாக ஒன்று நம் வீடுகளில் மிகச் சாதாரணமாக நடக்கிறது. கல்யாண வீட்டில் அத்தை, “என்ன இப்படிக் கறுத்துப் போய்விட்டாய்?” என்கிறார். பெரியப்பா, “ரேஷன் அரிசி எல்லாம் உன் வீட்டுக்குத்தான் போகிறதா?” என்று குண்டான பிள்ளையிடம் கேட்கிறார். சுற்றி நிற்கிற அத்தனை பேரும் சிரிக்கிறார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் அதே சிரிப்பு தொடர்கிறது. உடலைச் சொல்லிச் சிரிக்கவைப்பதுதான் நகைச்சுவை, சிரிக்கவைப்பவர்தான் கலகலப்பானவர் என்று பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. மறுநாள் வகுப்புக் குழுவில் அது செய்வது நாம் வைத்த புள்ளிகளின்மேல் கோலம் போடுவதுதான்.

பாதுகாப்பது எது என்று கேட்டால், அன்பும் வரம்பும் சேர்ந்த வீடு. போனில் என்ன செய்கிறாய் என்று கேட்கிற உரிமையும், தப்பு செய்துவிட்டேன் என்று பிள்ளை வந்து சொல்கிற தைரியமும் ஒரே வீட்டில் இருக்கவேண்டும்.

செல்போனைப் பிடுங்கிவிட்டால் தீர்ந்துவிடாதா?

தீராது. குழு இருக்கும், பிள்ளை மட்டும் அதில் இருக்காது. போனைப் பிடுங்குவார்கள் என்று தெரிந்தால் பாதிக்கப்படுகிற பிள்ளை வாயே திறக்காது. பெண்பிள்ளைகளுக்குப் போனோடு படிப்பையும் நிறுத்திவிடுவார்கள் என்ற அச்சமும் உண்டு. எதிரே இருப்பவனுக்கு அந்த அச்சம் நன்றாகத் தெரியும், அதைத்தான் அவன் ஆயுதமாக எடுக்கிறான். இரவு தூங்கும் அறையில் போன் இருக்கக்கூடாது என்ற விதி நல்லது. அது பெற்றோருக்கும் பொருந்தினால் இன்னும் நல்லது.

ஆண்பிள்ளை, பெண்பிள்ளை வேறுபாடு இருக்கிறதா?

மேலே சொன்ன ஐரோப்பிய ஆய்வில் துன்புறுத்தியதாக ஒப்புக்கொண்டவர்கள் ஆண்பிள்ளைகளில் 14 சதவீதம், பெண்பிள்ளைகளில் 9 சதவீதம். ஆளானவர்களின் விகிதம் ஏறக்குறையச் சமம். நான் பார்த்தவரை பெண்பிள்ளைகளிடையே ஒதுக்கிவைப்பது அதிகம். ஒருத்தியை மட்டும் விட்டுவிட்டுப் புதுக் குழு தொடங்குவார்கள், அது அவளுக்குத் தெரியும்படியும் பார்த்துக்கொள்வார்கள்.

ஆண்பிள்ளைகளிடம் நான் அஞ்சுவது வேறு. 2020 மே மாதம் தில்லியில் பள்ளி மாணவர்கள் சிலர் இன்ஸ்டாகிராமில் குழு அமைத்து, தம் வயதுப் பெண்பிள்ளைகளின் படங்களைப் பகிர்ந்து ஆபாசமாகப் பேசியது வெளியே வந்தது. வசதியான வீட்டுப் பிள்ளைகள், நல்ல பள்ளிகள். பெண் உடலைப் பற்றிக் கூட்டாகப் பேசுவதுதான் ஆண்மை என்று நம்புகிற கூட்டத்தில், பேசாமலிருப்பவன் அந்நியனாகிவிடுகிறான். அப்படி ஆகிவிடக்கூடாதே என்ற பயத்திலேயே பேசுகிற பையன்கள் நிறைய.

நிறம், சாதி, ஏழ்மை ஆகியவற்றை வைத்து நடப்பதும் இதில் சேருமா?

சேரும். எங்கள் ஊர்ப்பக்கம் இதைப் பேசாமல் இந்தப் பொருளைப் பேசவே முடியாது. யாரைக் குறிவைப்பது என்பதைப் பிள்ளைகள் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்வதில்லை. சமூகம் ஏற்கெனவே யாரைக் கீழே வைத்திருக்கிறதோ அவரைத்தான் தேடுகிறார்கள்.

2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், சாதியைச் சொல்லித் துன்புறுத்தியதைப் பள்ளியில் புகார் செய்த ஒரு பட்டியலின மாணவரை, உடன் படித்த மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன்பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதற்குத் தடை வேண்டும் என்றது. கயிற்றைக் கையிலிருந்து அவிழ்க்கலாம். அதே வண்ணம் ஸ்டேட்டஸில் பாட்டோடு வருகிறது, சுயவிவரப் படத்தில் அரிவாளோடு வருகிறது. இதை விளையாட்டு என்று எண்ணும் ஆசிரியரிடம் என்னால் பொறுமையாகப் பேச முடிந்ததில்லை.

என் பிள்ளை எதுவும் செய்யவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தது. அதற்கு ஏன் ஆலோசனை?

அந்த இருபத்தேழு பேர் சிரிக்காமல் இருந்திருந்தால் அந்த ஸ்டிக்கர் அன்றிரவே செத்திருக்கும்.

பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டினா சால்மிவல்லி, துன்புறுத்தலைச் சுற்றி நிற்பவர்களையே முதன்மையாக ஆராய்ந்தவர். உதவுகிறவர், சிரித்து ஊக்குவிக்கிறவர், விலகி நிற்கிறவர், பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்கிறவர் என்று வகுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம் இருப்பதை அவர் காட்டினார். அவர் முன்னின்று உருவாக்கிய கீவா என்ற திட்டம் பின்லாந்துப் பள்ளிகளில் பரவலாக நடக்கிறது. ஒட்டுமொத்த வகுப்பின் சிரிப்பை மாற்றுவதே அதன் அடிப்படை.

பதிநான்கு வயதுப் பிள்ளையிடம் குழுவில் எதிர்த்துப் பேசு என்று நான் சொல்வதில்லை. அது மிகப் பெரிய சுமை, அடுத்த குறி அதுவாகவே ஆகலாம். மூன்று சிறிய காரியங்கள் போதும். சிரிப்புப் பொம்மை போடாதே. பாதிக்கப்பட்டவருக்குத் தனியாக ஒரு வரி எழுது, “நான் சிரிக்கவில்லை” என்றாவது எழுது. நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் காட்டு.

சட்டம் என்ன சொல்கிறது? எங்கே புகார் செய்வது?

சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவரின் அந்தரங்கப் படத்தைச் சம்மதமின்றி எடுப்பதும் வெளியிடுவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்கீழ்க் குற்றம். பதினெட்டு வயது நிரம்பாதவரைப் பாலியல் நோக்கில் காட்டும் படங்கள் என்றால் அதே சட்டத்தின் 67பி பிரிவும் போக்சோ சட்டமும் வரும். செய்தவரும் சிறுவராக இருந்தால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். சிறுவன் என்பதால் வழக்கே வராது என்று எண்ணவேண்டாம்.

சைபர் குற்றங்களுக்கு 1930, குழந்தைகள் உதவிக்கு 1098, தமிழ்நாட்டில் பள்ளி மாணவர்களின் குறைகளுக்கு 14417. தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் பதிவு செய்யலாம். பதறி எதையும் அழித்துவிடாதீர்கள். தேதியும் கணக்கின் பெயரும் தெரியும்படி முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்தரங்கப் படமாக இருந்தால் மட்டும் அதைப் படியெடுப்பதோ யாருக்கும் அனுப்புவதோ கூடாது. போனை அப்படியே காவல்துறையிடம் காட்டுங்கள்.

செய்தது என் மகன்தான் என்று தெரிந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

அன்றிரவு அவனை அடிக்காதீர்கள். அடித்தால் அவன் கவனம் தன் வலிக்குப் போய்விடும், அவள் வலியிடம் வராது. “இவன் அப்படிப்பட்டவன் இல்லை” என்று பள்ளியில் வாதாடவும் வேண்டாம். நடந்ததை அவன் வாயாலேயே, யார் என்ன செய்தார் என்று பெயர் சொல்லிச் சொல்லவையுங்கள். “படம் வந்துவிட்டது” என்றால், “யார் எடுத்தது?” என்று கேளுங்கள். “நான் எடுத்தேன்” என்று வருகிறவரை பொறுமையாகக் கேளுங்கள்.

குழுவில் எல்லார் முன்னிலும் மன்னிப்புக் கேட்கவைப்பது எனக்கு உடன்பாடில்லை. அது இன்னொரு காட்சியாகிவிடுகிறது, பாதிக்கப்பட்ட பிள்ளை மறுபடியும் பேசுபொருளாகிறது. அந்தப் பிள்ளை விரும்பினால் மட்டும், பெரியவர் ஒருவர் உடனிருக்க, நேரில் சந்திக்கலாம். விரும்பவில்லை என்றால் அத்தோடு விட்டுவிடவேண்டும்.

பஸ்ஸில் தூங்கிய அந்த மாணவி சந்திக்கச் சம்மதித்தாள். என் அறையில் இருவரையும் உட்காரவைத்தேன். அவன் மனப்பாடம் செய்து வந்த மன்னிப்பைச் சொல்லி முடித்தான். அவள் ஒன்றுதான் கேட்டாள். “நான் தூங்கிக்கொண்டிருக்கும்போது ஏன் எடுத்தாய்?” அவனிடம் பதில் இல்லை. வெகுநேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு அழுதான்.

அவன் செய்யவேண்டிய வேலையை அவளே சொன்னாள். அந்த ஸ்டிக்கர் யார் யார் போனில் இருக்கிறதோ, ஒவ்வொருவரிடமும் போய் அவனே அதை நீக்கச் சொல்லவேண்டும். ஒன்பது நாள் ஆயிற்று. வகுப்பு மாணவர் பட்டியலை என்னிடம் வாங்கி, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் பென்சிலால் குறி போட்டுக்கொண்டே போனான். இரண்டு பேர் கடைசிவரை மறுத்துவிட்டார்கள். அந்த இரண்டு பெயர்களையும் மறைக்காமல், பட்டியலை அவளிடமே கொடுத்தான்.